முன்பாரம், பின்பாரம்: மாசி வீதியிலிருந்து செட்டிபாளையம் வரை

பந்தய வாகனம் ஒரு தடத்தைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பந்தயக்காரர்கள் லேப் டைம் என்பார்கள். இந்தச் சுற்று நேரத்தைக் குறைக்க இரண்டு வழிகள் எதிரெதிரே வைத்துப் பேசப்படுகின்றன. டயர், ஸ்பிரிங், பிரேக், சக்கரக் கோணம் ஆகியவற்றைத் தடத்துக்கும் ஓட்டுநருக்கும் ஏற்பத் திருத்தி அமைப்பது ஒன்று. இதற்குச் செட்டப் என்று பெயர். அதே வாகனத்தில் அமர்ந்து திரும்பத் திரும்ப ஓட்டிக் கையும் காலும் தேறுவது மற்றொன்று. எதற்கு முதலிடம் தரவேண்டும் என்ற இந்த வழக்கு மோட்டார் பந்தயத்தோடு பிறந்ததாகத் தோன்றினாலும், சக்கரம் பூட்டிய எந்த வண்டிக்கும் இது பொதுவானது. கார் பந்தயத்துக்கென நிலையான தடம் இல்லாத மதுரையில் தொடங்கி, மேலூர்ப் பக்கத்துச் சமவெளியைப் பார்த்துவிட்டு, மேற்கே திண்டுக்கல், தாராபுரம் வழியாகக் கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடத்தை அடையும் பயணம், அந்த வழக்கை அதன் வேரிலிருந்தே விளங்கிக்கொள்ள உதவுகிறது.

பயணத்தின் முதல் இடம் மாசி வீதிகள். மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்து சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த வீதிகளில், சித்திரைத் திருவிழாவின் தேரோட்டம் நடைபெறுவது நான்கு மாசி வீதிகளில்தான். ஆகவே நான்கு நேர்தடங்களும் ஏறக்குறைய செங்கோணமான நான்கு திருப்பங்களும் கொண்ட ஒரு சுற்று என்று அந்தப் பாதையைச் சொல்லலாம். தேரில் திசைதிருப்பும் பொறி இல்லை. வடம் பிடிப்பவர்களின் இழுப்பு ஒருபுறம் இருக்க, சக்கரத்தின் அடியில் கட்டையைத் தக்க நொடியில், தக்க கோணத்தில் கொடுத்துத் தேரைச் சறுக்கியும் தடுத்தும் திருப்புபவர்களின் கையில்தான் அதன் போக்கு இருக்கிறது. கீழமாசி வீதியின் முனையில் தேர் எந்தக் கோணத்தில் நுழைகிறதோ அதைப் பொறுத்தே அடுத்த வீதியில் அது நேராகச் செல்லுமா, ஓரத்தை நாடி மறுபடியும் நிறுத்தித் திருத்தப்பட வேண்டியிருக்குமா என்பது முடிவாகும். தேரை இழுப்பதில் வேகப் போட்டி கிடையாது, அது வழிபாடு. ஆயினும், வளைவில் செய்யும் பிழைக்கான விலையை அடுத்து வரும் நேர்தடம் முழுவதும் கொடுக்க நேரும் என்ற பந்தயத் தடத்தின் தலையாய உண்மை மாசி வீதி முனைகளிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. அச்சையும் சக்கரத்தையும் திருவிழாவுக்கு முன்பே தச்சர்கள் சரிபார்த்து முடித்திருப்பார்கள். தேர் நகரத் தொடங்கிய பிறகு மாற்றக்கூடியது மனிதரின் கைத்திறன் மட்டுமே.

நகரை விட்டு வடகிழக்கே மேலூர்ச் சாலையில் செல்வோருக்கு, ஒத்தக்கடையில் யானைமலை இடப்புறம் நெடிதாகப் படுத்திருப்பது தெரியும். அதைக் கடந்தால் வெள்ளரிப்பட்டி. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கான டயர்களைச் செய்யும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா தொழிற்சாலை இங்கே இருக்கிறது. 1982இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையை மையமாகக் கொண்டு வளர்த்த தொழில் குடும்பத்தின் ஒரு கிளை. நகரின் மேற்கே கோச்சடையில் ஃபென்னர் தொழிற்சாலை எந்திரங்களுக்கான பெல்ட்டுகளைச் செய்துவருவதையும் சேர்த்துப் பார்த்தால், மதுரை ரப்பரை அறிந்த ஊர் என்பது விளங்கும். சுற்று நேரத்தைப் பற்றிய பேச்சில் இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் எவ்வளவு வலிமையானதாயினும், பிரேக் எவ்வளவு கூர்மையானதாயினும், அவற்றின் வேலை முழுவதும் உள்ளங்கை அளவே இருக்கும் டயரின் தரைபடும் பகுதி வழியாகத்தான் சாலையை அடைகிறது. எனவே செட்டப் எனப்படும் கலையின் பெரும்பகுதி, அந்தச் சிறு பகுதியைத் தரையோடு ஒட்டச் செய்வதற்கான முயற்சியாகவே இருக்கிறது.

அதில் மிக எளியதும் மிகுந்த பலன் தருவதும் காற்றழுத்தம். 30 டிகிரி செல்சியஸில் 30 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம், என்று காற்று நிரப்பிய டயர், தடத்தில் சில சுற்றுகள் ஓடி உள்ளிருக்கும் காற்று 70 டிகிரிக்குச் சூடேறினால், வாயு விதியின்படி சுமார் 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஏறிவிடும். அழுத்தம் மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் அழுந்தி ஓரங்கள் வேலை செய்யாமல் நிற்கும். குறைந்தால் பக்கச் சுவர் நெளிந்து, ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வாகனம் திரும்புவதற்கும் இடையே ஒரு தயக்கம் உண்டாகும். கோடையில் தார் உருகும் மதுரைச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு, காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த அழுத்தம் நண்பகலில் ஏன் தவறாகிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. ஓர் ஓட்டுநர் பிற்பகலில் மெதுவாகிவிட்டார் என்றால் அவர் களைத்துவிட்டாரா, டயர் சூடேறிவிட்டதா என்று பிரித்தறியும் பொறுப்பு அப்போதே தொடங்கிவிடுகிறது.

மேலூரைத் தாண்டிச் சிவகங்கைப் பக்கம் திரும்பினால் சமவெளி முழுமையாக விரிகிறது. கண்மாய்களும் அவற்றின் கரைகளில் நிற்கும் பனைகளும், நெல் அறுத்த வயல்களும், ஊரையும் ஊரையும் இணைக்கும் ஒடுங்கிய தார்ச்சாலைகளும் கொண்ட இந்நிலத்தில்தான் மாட்டுவண்டிப் பந்தயம் வேரூன்றியிருக்கிறது. கோயில் திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி நடைபெறும் இப்பந்தயங்களில் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என மாடுகளின் அளவுக்கேற்பப் பிரிவுகள் உண்டு. தூரத்தை இன்றும் மைல் கணக்கில்தான் சொல்கிறார்கள்: பெரிய மாட்டுக்குப் போய்வர 8 மைல், சின்ன மாட்டுக்குப் போய்வர 6 மைல் என்பதுபோல ஊருக்கு ஊர் சற்று மாறுபடும் அளவுகள் வழக்கில் உள்ளன. 8 மைல் என்பது ஏறக்குறைய 13 கிலோமீட்டர். குறித்த எல்லையில் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். வண்டியை ஓட்டுபவர் சாரதி. அவருக்குத் துணைச் சாரதி ஒருவரும் உண்டு.

இந்தப் பந்தயங்களின் அண்மைக்கால வரலாறு நீதிமன்றத்தோடு பின்னியது. 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் ஒருசேரத் தடை செய்தது. 2017இல் தமிழ்நாட்டில் அத்தடையைத் தளர்த்தும் சட்டத் திருத்தம் வந்தது. 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. விலங்குக்கு வலியூட்டி வேகம் பெறுவதைச் சட்டம் ஏற்பதில்லை, ஏற்காததே முறை. சாட்டையால் பெறும் வேகம் சாரதியின் திறமைக் கணக்கிலும் சேராது, வண்டியின் தரத்தின் கணக்கிலும் சேராது என்பதால், இந்த ஆய்வுக்கும் அது பயன்படாது.

பந்தய வண்டியில் மாற்றியமைக்கக்கூடியவை மிகக் குறைவு. பாரம் ஏற்றும் வண்டியின் தட்டும் பக்கக் கட்டைகளும் இதற்கு இல்லை. நுகத்தடி, ஏர்க்கால், அச்சு, இரண்டு சக்கரங்கள், சாரதிக்குச் சிறிது இடம், இவ்வளவே. ஆனால் அந்தக் குறைந்த உறுப்புகளுக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அச்சுக்கு முன்னே எடை மிகுந்தால் அது முன்பாரம். நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தி அவற்றின் ஓட்டத்தைக் கெடுக்கும். அச்சுக்குப் பின்னே மிகுந்தால் பின்பாரம். நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டுக்கும் நடுவே, மாட்டின் கழுத்தில் நுகம் இலேசாக அமர்ந்திருக்கும் நிலையைக் கண்டுபிடிப்பதுதான் வண்டிக்காரரின் செட்டப். அச்சுக்கு எண்ணெயிட்டு உராய்வைக் குறைப்பதும், இரு மாடுகளின் உயரத்துக்கேற்ப நுகத்தைப் பூட்டுவதும் இதனோடு சேர்ந்தவை.

இருந்தும், வண்டியில் ஏறியிருப்பவர் முன்னே சாய்ந்தால் முன்பாரம் கூடுகிறது, பின்னே நகர்ந்தால் குறைகிறது; சாலை இறக்கத்தில் வண்டி தானாகவே முன்னே தள்ளுகிறது, ஏற்றத்தில் பின்னே இழுக்கிறது. வீட்டு வாசலில் எவ்வளவு கவனமாகச் சமன்செய்த வண்டியும் ஓடும்போது சமநிலையில் நிற்பதில்லை என்பதால், அதை ஒவ்வொரு கணமும் மீட்டெடுக்கும் வேலை சாரதியின் உடலுக்கு வந்து சேர்கிறது. எல்லையில் திரும்பும்போது இது உச்சத்தை அடைகிறது: உள்பக்க மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல, வெளிப்பக்க மாடு பெரிய வட்டமடிக்க, பின்னால் வரும் வண்டிகள் நெருங்க, இரண்டு உயிர்களின் நடையையும் ஒரு வண்டியின் சாய்வையும் ஒருசேரக் கையாளவேண்டிய அந்தச் சில வினாடிகளை எந்தத் தச்சராலும் முன்கூட்டியே வண்டிக்குள் வைத்து அனுப்ப முடியாது. பந்தய மாடுகளை நாள்தோறும் நடக்கவிட்டு, கண்மாயில் நீந்தவிட்டு, வண்டி பூட்டி ஓட்டிப் பழக்குவதில் உரிமையாளர்கள் செலவிடும் மாதங்களோடு ஒப்பிட்டால், வண்டியைத் திருத்தச் செலவாகும் நேரம் மிகச் சிறியது. இச்சமவெளி தன் அனுபவத்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இனிப் பயணம் மேற்கே திரும்புகிறது. வாடிப்பட்டியைத் தாண்டும்போது சிறுமலை வலப்புறம் துணைவருகிறது. திண்டுக்கல்லுக்குப் பின் ஒட்டன்சத்திரம், அமராவதி ஓடும் தாராபுரம் என்று சென்றால் நெல்வயல்கள் மறைந்து, கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் காடுகளும் காங்கேயம் மாடுகளும் தென்படுகின்றன. இங்கே ரேக்ளா என்ற பெயரில் நடைபெறும் பந்தயத்தின் இயல்பே வேறு. 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேரான தடம் அளந்து, வண்டிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கடிகாரத்தைக் கொண்டு வெற்றியை முடிவுசெய்கிறார்கள். மதுரைப் பக்கத்தில் முன்னே போகும் வண்டியை முந்துவதே குறி. கொங்குப் பக்கத்தில் எதிராளி கண்ணெதிரே இல்லை, வினாடிதான் எதிராளி. திருப்பமே இல்லாத குறுந்தடத்தில் புறப்பாட்டின் விரைவும் வண்டியின் எடைக் குறைவும் பெறும் மதிப்பு, 8 மைல் ஓட்டத்தில் அவை பெறும் மதிப்பைவிட மிகுதி என்பதால், செட்டப்பின் பங்கு இங்கே சற்று உயர்கிறது என்று கொள்ளலாம். வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் இடையிலான பங்கீடு தடத்தின் நீளத்தையும் திருப்பங்களின் எண்ணிக்கையையும் பொறுத்து மாறக்கூடியது.

பல்லடத்திலிருந்து செட்டிபாளையத்துக்கு வரும் சாலையின் முடிவில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003இல் திறக்கப்பட்ட, சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடம், 1995இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980களின் இறுதியில் உருவாக்கினார். வெளிநாட்டிலிருந்து கார் தருவிக்கும் வசதி படைத்த சிலருக்கே உரியதாயிருந்த விளையாட்டை, உள்நாட்டு உதிரிப் பாகங்களால் ஓடும் காரைத் தந்து பலருக்குத் திறந்துவிட்டவர் அவர். இந்திய மோட்டார் பந்தயம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்ற அவருடைய கொள்கையின் வழித்தோன்றலாகவே, 1,300 சிசி எஞ்சின் கொண்ட எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள் இத்தடத்தில் ஓடுகின்றன. ஒரே எஞ்சின், ஒரே டயர், ஒரே சட்டகம் என்றான பின்பும் முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் இடையே வினாடிகள் விழுகின்றன என்பதே நம் வழக்கில் மிக வலுவான சாட்சியம்.

ஆனால் அச்சாட்சியத்தை மட்டும் கொண்டு செட்டப்பைத் தள்ளிவிடுவது பிழை. வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச் சக்கரமும் சாய்ந்து டயரின் ஓரத்தில் நிற்க முற்படும். அதை ஈடுசெய்யச் சக்கரத்தின் மேற்பகுதியை முன்பே சற்று உட்புறம் சாய்த்து வைக்கிறார்கள். கேம்பர் எனப்படும் இக்கோணம் கூடினால் வளைவில் பிடிமானம் கூடும், நேர்தடத்தில் பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் குறையும். முன்சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவான டோ, காரின் பக்கச் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஆன்டி ரோல் பார் என்ற முறுக்குக் கம்பி ஆகியவையும் இப்படியே ஓரிடத்தில் கொடுத்து மற்றோரிடத்தில் எடுத்துக்கொள்பவை. எனவே எந்த வளைவில் எவ்வளவு இழக்கிறோம் என்று தெரியாதவருக்கு இவற்றால் பயனில்லை. தெரிந்தவருக்கு இவை இன்றியமையாதவை.

தெரிவது எப்படி என்பதில்தான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. கணக்கை எளிதாக்க ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். புதியவர் ஒருவர் ஐந்து சுற்றுகளை 78.4, 79.3, 77.9, 78.8, 79.1 வினாடிகளில் முடிக்கிறார் என்றால், அவருடைய சுற்றுகளுக்குள்ளேயே 1.4 வினாடி வேறுபாடு இருக்கிறது. காற்றழுத்தத்தை மாற்றியதால் 0.3 வினாடி கிடைத்ததா, இழந்ததா என்பதை அந்த ஏற்ற இறக்கத்துக்குள் கண்டறிய வழியில்லை. அவர் தற்செயலாக நன்றாக ஓட்டிய சுற்றின் புகழ் புதிதாக வாங்கிய உதிரிப் பாகத்துக்குப் போய்விடும். அதே காரில் 76.4, 76.5, 76.3, 76.5, 76.4 என்று ஓட்டக்கூடியவருக்கு 0.3 வினாடி என்பது பட்டப்பகல்போல் தெளிவு. பயிற்சி செட்டப்புக்கு மாற்று அன்று. செட்டப்பை அளந்தறியும் கருவியே பயிற்சி பெற்ற ஓட்டுநர்தான். அளவுகோல் நிலைபெறுவதற்கு முன் அளக்கப்படும் பொருளை மாற்றிக்கொண்டே இருப்பவர் எத்தனை ஆண்டு செலவிட்டாலும் எதையும் கற்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது மேலூர்ச் சமவெளியில் கண்டதன் தொடர்ச்சி. பிரேக் மிதியை அழுத்தும்போது காரின் எடை முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது, வேக மிதியை அழுத்தும்போது பின்சக்கரங்களுக்கு நகர்கிறது. பிரேக்கைச் சட்டென்று விட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பும் புதியவர், முன்டயர்களின் மேலிருந்த பாரத்தை அவற்றுக்கு மிகவும் தேவையான கணத்திலேயே பறித்துவிடுகிறார்; கார் திரும்ப மறுத்து வெளியே ஓடுகிறது. அண்டர்ஸ்டியர் என்று அழைக்கப்படும் இக்குறையைக் காரின் குறையாகவே அவர் எடுத்துச்சொல்ல, மெக்கானிக் முன்பக்க ஸ்பிரிங்கையோ கம்பியையோ மாற்றுவார். பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டபடியே வளைவுக்குள் நுழையப் பழகியவரோ அந்த முன்பாரத்தை வளைவின் உள்முனை வரைக்கும் கொண்டுசெல்கிறார். அதே கார் அவருக்குத் திரும்புகிறது. ஸ்பானர் காரை நிறுத்தி ஒருமுறை செய்யும் திருத்தத்தை, தேறிய கால் ஒவ்வொரு வளைவிலும் அந்த வளைவுக்கேற்ற அளவில் செய்கிறது. சாரதி வண்டியின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து நுகத்தைச் சமன்செய்வதும் இதே வேலைதான்.

நேரம் எங்கே கிடைக்கிறது என்பதையும் கணக்கே காட்டிவிடும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் பிடிக்கும் இடத்தை 3 மீட்டர் தள்ளிப்போட்டு, அதனால் மற்றெதுவும் கெடாமல் இருந்தாலும், மிச்சமாவது ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி. வளைவை விட்டு வெளியேறும் வேகத்தில் மணிக்கு 2 கிலோமீட்டர் கூடி, அது 500 மீட்டர் நேர்தடம் முழுவதும் நீடித்து, சராசரி 120 என்பது 122 ஆனால் கால் வினாடி மிச்சமாகும். துணிவு காட்டித் தாமதமாகப் பிரேக் பிடிப்பதைவிட, பொறுமையாக நுழைந்து விரைவாக வெளியேறுவதே பலன் தருவது என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 1992இல், பதினைந்து வயதில், பிரான்சிலிருந்த எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குச் சென்றார். 1993இல் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டினார். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் களமிறங்கிய முதல் இந்தியரானார். அவ்வளவு இளம் வயதிலேயே பயிற்சிப் பள்ளிக்குப் போனது கவனிக்கத்தக்கது. அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலிப் பந்தய வீரர் என்பதால் எது முதலில் தேவை என்பதை அறிந்த வீடு அது.

அத்தகைய வீடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மதுரை இளைஞர் ஒருவருக்குச் செட்டிபாளையம் 200 கிலோமீட்டருக்கு மேல். நரேன் ஓட்டிய, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட, 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னைத் தடமோ 400 கிலோமீட்டருக்கும் அப்பால். உதிரிப் பாகங்கள் உள்ளூர்க் கடையில் கிடைக்கின்றன, தடம் கிடைப்பதில்லை. ஆகவே கையிலிருக்கும் பணம் சைலென்சருக்கும் சக்கரத்துக்கும் போகிறது. இதை இளைஞர்களின் ஆடம்பரம் என்று பழிப்பது நியாயமன்று, தொலைவு செய்யும் வேலை இது. அந்த வேகத்தைச் சுற்றுச்சாலையில் சோதித்துப் பார்த்து உயிரிழப்போர் இருப்பது பெருந்துயரம். நகருக்கு அருகே சிறியதொரு தடம் அமைவது அதைக் குறைக்கும் என்று நம்பக் காரணம் உண்டு. இடைக்காலத்துக்குக் கணினித் திரையில் ஓட்டும் சிமுலேட்டர் ஓரளவு கைகொடுக்கும். விளையாட்டுத் திரையில் பழகியவர்களைத் தேர்ந்தெடுத்த ஜி.டி. அகாடமி என்ற போட்டியில் 2011இல் வென்ற பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ, 2013இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். உடலில் உணரும் பார நகர்வைத் திரை தருவதில்லை. தடத்தின் வளைவு வரிசையையும் பிரேக் பிடிக்கும் இடத்தையும் கண்ணின் பழக்கத்தையும் அது தருகிறது.

ஆகவே மதுரையிலிருந்து ஒருநாள் பயிற்சிக்காகச் செட்டிபாளையம் வருபவர், காரின் கோணங்களைப் பாதுகாப்பான நடுநிலையில் வைத்து, முற்பகல் முழுவதும் ஸ்பானரைத் தொடாமல் ஓட்டி, சுற்றுகளின் வேறுபாடு அரை வினாடிக்குள் வந்த பிறகே காற்றழுத்தத்தைத் தொடுவது நல்லது. அதிலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து சுற்று ஓட்டி, பிறகு பழைய அளவுக்கே திருப்பி வைத்து மறுபடியும் ஐந்து சுற்று ஓட்டிப் பார்க்கவேண்டும். பழைய அளவில் பழைய நேரம் திரும்ப வந்தால் மாற்றத்தின் பலன் உண்மை, வராவிட்டால் மாறியது தடத்தின் சூடோ டயரின் தேய்வோ ஓட்டுநரின் கையோதான். கேம்பரும் முறுக்குக் கம்பியும் அடுத்த வருகைக்குக் காத்திருக்கலாம்.